ராணிக்கு அளவா இருக்கும்

சோறு சாவு வீடு மாதிரி மணக்கிறது என்று முதலில் சொன்னது ராணிதான்.

ஒன்பது வயதுப் பிள்ளை. தட்டை முகத்தருகே தூக்கி மோந்து பார்த்துவிட்டு, குறை சொல்லும் குரலில் இல்லாமல், வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று அன்னாள் மகளை அதட்டினாள். ஆனால் குழம்பை ஊற்றக் குனிந்தபோது அவளுக்கும் அது வந்தது. சோற்றின் ஆவியோடு ஆவியாகச் சாம்பிராணி, அதற்கு அடியில் வாடிய மாலை, அதற்கும் அடியில் ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் வாசம்.

அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது மரச்சுருள். அவள் புருஷன் இருதயநாதன் இழைப்புளியால் சீவித் தள்ளியது. ஒரு வாரமாக அதைத்தான் கூட்டி அள்ளி விறகோடு சேர்த்து எரித்துவந்தாள். கூடத்துக்குப் போய், என்ன மரம் இது என்று கேட்டாள்.

"கோயில் மரம்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "பழைய பெஞ்சு. பர்மாத் தேக்கு. கெடைக்குமா இப்ப?"

பெஞ்சுக்கு ஏன் சாம்பிராணி வாசம் என்று கேட்டதற்கு, கோயிலில் இருந்தால் வேறென்ன அடிக்கும், கருவாட்டு வாசமா என்றார். ராணி சிரித்தாள். அன்னாளும் சிரித்துவைத்தாள்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த மறு வருஷக் கோடை அது. திண்டுக்கல்லில் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலை பின்னிக்கொள்கிற காலம். அந்த ஊரில், மலைக்கோட்டைப் பாறையின் அனல் சாயங்காலம் வரை தெருவில் நிற்கிற அந்த வீட்டுக் கூடத்தில், இருதயநாதன் ஓடம் கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தச்சு வாத்தியார். கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் படகுகளைப் பழுது பார்க்கிற வேலையில் நான்கு வருஷம் இருந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரர், மேல்பக்கமும் மூடிய ஒல்லியான ஓடம் ஒன்றில், நடுவில் இருந்த வட்ட வாய்க்குள் காலை நீட்டி இடுப்புவரை இறங்கி உட்கார்ந்து, ஒற்றைத் துடுப்பை இரண்டு பக்கமும் போட்டு, ஏரிமேல் சத்தமில்லாமல் போனதை அவர் பார்த்திருந்தார். அதற்குக் கயாக் என்று பெயர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போன புத்தகத்தில் அதன் படம் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சு இல்லை. ஆத்தூர் அணையில் விட வேண்டும், மகளை உட்காரவைத்துக் காட்ட வேண்டும்.

டீக்கடையில் வாத்தியாரை விடவில்லை. எங்கே விடப்போறிய, குடத்திலயா அண்டாவிலயா என்று கேட்டார்கள். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வருகிற அன்று சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஷரீஃபா, சுவர்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஏங்க்கா, பெருவெள்ளம் வருதுன்னு அண்ணனுக்கு மட்டும் தாக்கல் வந்துருக்கா? எங்களுக்கும் ஒரு எடம் போட்டு வைக்கச் சொல்லுங்க" என்றாள். அன்னாளுக்கு அந்தக் கேலிகள் பிடித்திருந்தன. கேலி இருந்தவரை அது வெறும் ஓடமாக இருந்தது.

ஒரு நீளக் கட்டையின் மேல் பத்து அச்சுப் பலகைகளை அவர் வரிசையாக நிறுத்தியிருந்தார். நடுவில் அகலம், முனைக்குப் போகப்போக ஒடுக்கம். விலாவெலும்பு மட்டும் மிஞ்சிய பெரிய மீன் ஒன்று குப்புறக் கிடப்பது போல இருக்கும். அதன்மேல் விரல் அகலக் கீற்றுகளாக அறுத்த மரத்தை ஒவ்வொன்றாக வளைத்து, விளிம்போடு விளிம்பு பசை போட்டு ஒட்டி, சின்னச் செப்பாணி அடித்துக்கொண்டே போவார். கோயில் தேக்கு போதவில்லை. மீதிக்கு வெளிறிய பெட்டிப் பலகையை அறுத்துச் சேர்த்தார். கறுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக ஓடம் வளர்ந்தது. நல்ல தேக்கையெல்லாம் நடுவாய்க்கும் அதைச் சுற்றிய இடத்துக்கும் ஒதுக்கி வைத்தார்.

அதற்கு முன்னால் அளவெடுத்த நாள் ஒன்று உண்டு. இந்த ஓடம் சட்டை மாதிரி, ஓட்டுகிற ஆளுக்குத் தைக்க வேண்டும் என்று சொல்லி, பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து உள்ளங்கால் வரை நூல் பிடிக்கச் சொன்னார். அன்னாள் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிரக் குனியவில்லை.

"எந்திரிச்சு உக்காருங்க. படுத்த ஆள நூல் போட்டு அளக்கறது பொட்டிக்குத்தான்."

சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி காலை நீட்டினார், அவள் அளந்தாள். அவள் வீட்டில் அது அப்படித்தான். அவளுடைய அப்பா செத்த அன்று ஆசாரி வந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டதை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாள். உயிரோடு படுத்திருக்கிறவர்கள்மேல் நூல் படக்கூடாது. காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஈஸ்டர் கழிந்த வாரம் அச்சுகளை உருவினார். மேல்மூடியையும் ஒட்டினார். இப்போது அது உள்ளே ஒன்றுமில்லாத ஓடம். இரண்டு குதிரைக்கட்டைகளின் மேல் நிமிர்ந்து கிடந்தது. கூடத்தின் முழு நீளம். ஒரு முனை தெருவாசல் நிலையைத் தொட்டது. மறுமுனை இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சுவரில் முட்டி, அங்கே சுண்ணாம்பு உதிர்ந்து கறுப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது.

அன்றிலிருந்து மத்தியான நேரங்கள் மாறிப்போயின. அவர் பள்ளிக்கூடம் போனபின், ராணி காலைப் பள்ளி முடிந்து வந்து பாயில் சுருண்டு தூங்கியபின், தெருவில் வெயிலைத் தவிர யாரும் இல்லாதபோது, தோல் கிடங்குப் பக்கமிருந்து வருகிற நாற்றமும் அடங்கி, ஓட்டு இடுக்கில் விழுகிற வெளிச்சத்தில் தூசு மட்டும் அசைகிற அந்த நேரத்தில், ஓடத்திலிருந்து ஒரு சத்தம் வரும். விரலைச் சொடுக்குகிற சத்தம். ஒன்று. செத்த நேரம் கழித்து இன்னொன்று. நெடுநேரம் ஒரே பக்கமாகப் படுத்திருந்த யாரோ கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பது போல. அவள் எண்ணவில்லை. ஆனால் பத்தில் நின்றது அவளுக்குத் தெரிந்தது.

மரம் காயுது, அவ்வளவுதான் என்றார் இருதயநாதன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கூடத்தைப் பெருக்கும்போது, விளக்குமாறு ஓடத்தின் முனைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து வெளியே வந்தது. அன்னாள் நிமிர்ந்தாள். மறுமுனையைப் போய்ப் பார்த்தாள். அது நிலையைத் தொட்டபடிதான் இருந்தது. திரும்பி வந்து கையை வைத்துப் பார்த்தாள். நாலு விரல்கடை. அடுத்த வியாழக்கிழமை ஒரு சாண். சுவரிலிருந்த கறுப்புப் பொட்டு மட்டும் அதே இடத்தில் இருந்தது.

அவரிடம் சொன்னாள். கோடையில் பலகை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்கவே சுருங்காது, நீ வேண்டுமானால் யாரிடமும் கேட்டுக்கொள் என்று பாடம் நடத்தினார். பிறகு அவரே போய் அந்த இடைவெளியைப் பார்த்தார். குதிரைக்கட்டை நகர்ந்திருக்கும் என்றார்.

கோயில் உபதேசியார் சூசைமுத்து, திருவிழா வரிக்காக வீடுவீடாக வந்தவர், கூடத்துக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டார். மோர் கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடத்தையே பார்த்தார். இம்புட்டு அழகா வருமென்று நினைக்கவில்லை என்றார். பெஞ்சு மரம்தானே அண்ணே என்று அன்னாள் பேச்சுக்குச் சொல்லப்போக, அவர் முகம் மாறியது.

"வாத்தியாரு ஒங்கிட்டச் சொல்லலையா தாயி? தூம்பால்ல இது."

தூம்பா கோயிலுக்குப் பொதுவான சவப்பெட்டி. தனியாகப் பெட்டி செய்ய வசதியில்லாத வீட்டில் சாவு விழுந்தால், அதில் வைத்துத்தான் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப் போவார்கள். குழியருகே உடலை மட்டும் பாயோடு இறக்கிவிட்டு, தூம்பா வெறுமையாகத் திரும்பி வந்து கோயில் பின்கட்டில் அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். யாரோ புதுத் தூம்பா செய்து கொடுத்தார்கள். பழையதை எரித்துவிடும்படி சாமியார் சொல்லியிருந்தார். நல்ல தேக்காச்சே என்று சூசைமுத்துவுக்கு மனசு வரவில்லை. வாத்தியாரும் கேட்டார், கொடுத்துவிட்டார்.

மோரைக் குடித்துவிட்டு, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, அதன் பெருமையைச் சொன்னார்.

"அதுல ஒரு விசேசம் தாயி. எந்த ஆள வச்சாலும் அளவா இருக்கும். நெட்டையா இருந்தாலும் காலு முட்டுனதில்ல. பச்சப்புள்ளைய வச்சாலும் எடம் மிச்சம் தெரிஞ்சதில்ல. திங்கக்கிழம ஒரு சின்னஞ்சிறுச கொண்டு போயிருப்போம். புதங்கிழம ஆறடி ஆள வச்சதும் அந்த அளவ மறந்துரும். முப்பது வருசம் தூக்கியிருக்கேன், இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல."

அவர் போனபின் அன்னாள் அடுப்படியில் போய் நின்றாள். மூலையில் சாக்கு நிறைய மரச்சுருள் இருந்தது. மூன்று மாதமாக அதில் பொங்கிய சோற்றை மூன்று பேரும் தின்றிருக்கிறார்கள். சாக்கைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தாள். கையை மோந்து பார்த்தாள். கழுவினாள். மறுபடி மோந்து பார்த்தாள்.

சாயங்காலம் அவரிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. சொன்னால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாய் என்றார். மரத்துக்கு என்ன தெரியும் என்றார். ஐந்து மாத உழைப்பு என்றார். கடைசியில், நான் ஒன்றைத்தான் ஆசைப்பட்டிருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அன்று அவள் பயந்தது அவருக்காகத்தான். அளவு அவருடையது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் உட்கார்ந்து பார்த்தார். ஓடத்தைத் தரையில் இறக்கி, வாய்க்குள் காலை விட்டு இறங்கினார். தொடை வரை போயிற்று. இடுப்பு போகவில்லை. எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார். போகவில்லை. உள்ளே பாதம் ஊன்றுவதற்கென்று குறுக்குக்கட்டை ஒன்று வைத்திருந்தார். முழங்கால் மடங்கி மேல்மூடியில் இடிக்கிற அளவுக்கு அது பக்கத்தில் வந்திருந்தது. வாயைச் சுற்றித் தடவினார். அளவுகோலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

அன்னாளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இது அவருக்கு இல்லை. மாதாவே, இது அவருக்கு இல்லை.

இருதயநாதன் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"எனக்கு இல்லாட்டிப் போகுது. ராணிக்கு அளவா இருக்கும். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வண்டி வச்சுக் கொண்டு போயிருவோம்."

அதன்பின் அந்த வாரம் முழுவதும் அன்னாள் மகளைக் கூடத்தில் தனியாக விடவில்லை. சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. ராணியோ ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஓடம் மறுபடி சொடுக்கத் தொடங்கியிருந்தது. இப்போது மெதுவாக, கவனமாக, நுனி விரலால் எதையோ சரிபார்ப்பது போல. சுவருக்கும் முனைக்கும் நடுவே அன்னாள் திரும்பி நிற்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று இருந்தது. அளவாக இருக்காது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். தையல் டப்பாவிலிருந்து வெள்ளை நூலை எடுத்தாள். ஓடத்தின் வாய்க்குள் கையை விட்டு, வாயின் பின்விளிம்பிலிருந்து குறுக்குக்கட்டை வரை நூலை இழுத்துப் பிடித்தாள். உள்ளே குளிர்ந்திருந்தது. முடிச்சுப் போட்டாள். ராணி பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலை நீட்டி, கையை நெஞ்சின்மேல் வைத்து. அன்னாள் மண்டியிட்டு, நூலின் ஒரு நுனியை இடுப்பருகே வைத்து, காலோடு ஒட்டி இழுத்து, உள்ளங்காலுக்குக் கொண்டுபோனாள்.

முடிச்சு குதிகாலில் வந்து நின்றது.

மயிரிழை கூட இல்லை. அப்படியே நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. படுத்திருக்கிற பிள்ளை. நூல். முடிச்சு. கூடத்தில் சத்தம் நின்றிருந்தது. ஒரு வாரமாக ஓயாத அந்தச் சொடுக்கு, வேலை முடிந்த ஆசாரி கருவியைக் கீழே வைத்தது போல, நின்றிருந்தது. நூல் கையிலிருந்து நழுவியது. பிறகு தேடினாள். பாயை உதறினாள், ராணியைப் புரட்டினாள், விளக்குமாறு போட்டுக் கூட்டினாள். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இருதயநாதன் மாட்டுவண்டி பேசுவதற்காகப் போயிருந்தார். அன்னாள் ராணியைக் கூட்டிப்போய் ஷரீஃபா வீட்டில் விட்டாள். நான் வந்து கூப்பிடுகிறவரை அனுப்பாதே என்று இரண்டு தடவை சொன்னாள். அதுக்கென்ன அக்கா, பூக் கட்டிக்கிட்டிருக்கட்டும் என்றாள் ஷரீஃபா.

வந்து, தெருக்கதவைச் சாத்திவிட்டு, கொல்லைக் கதவை வெறுமனே சேர்த்துவைத்துவிட்டுக் கோடாலியை எடுத்தாள். ஓங்கவும் ஓங்கினாள். அங்கேயே நிறுத்தினாள். உடைத்தால் மரம்தான் உடையும். எடுத்த அளவு எங்கே போகும்? மூன்று மாதம் சாப்பிட்டது உடம்புக்குள் இருக்கிறது. அளந்த நூலைக் காணோம். வேறு ஆளை வைத்ததும் பழைய அளவை மறந்துவிடும் என்று சூசைமுத்து சொன்னாரே. கோடாலியைக் கீழே வைத்தாள்.

கொல்லைப்புறம் போய், கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தொட்டித் தண்ணீரில் முகத்தையும் காலையும் கழுவினாள். ஏன் என்று தெரியவில்லை, தலையை அவிழ்த்துச் சீவி முடிந்துகொண்டாள். உள்ளறையில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். மந்திரம் பாதியில் நின்றுபோனது. திரும்பி வந்தபோது கூடம் இருட்டாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. சாம்பிராணி வாசம் இப்போது ஒளியவில்லை.

வாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். அடுத்ததை வைத்தாள். புருஷனுக்கே போகாத இடுப்பு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கென்று இறுகிக் கிடந்த வாய், அவளுடைய பருத்த இடுப்பு எப்படிப் போகும் என்று நினைத்தபடியே மெல்ல இறங்கினாள்.

போயிற்று.

வழுக்கிக்கொண்டு, பழகிய இடம் போல, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். மரம் இரண்டு பக்கமும் வந்து அவளைத் தாங்கிக்கொண்டது. ஒரு சொடுக்கு. இன்னொன்று. முனை சுவர்ப் பக்கமாக நகர்வது தெரிந்தது. தன் அளவை அது எடுத்துக்கொள்கிறது. அன்னாளுக்கு அழுகை வந்தது. எடுத்துக்கோ என்று வாய்விட்டுச் சொன்னாள். நல்லா எடுத்துக்கோ.

காலை நீட்டினாள். முழுதாக நீட்ட முடிந்தது. மேல்மூடிக்குக் கீழே இருட்டுக்குள் இடம் நீண்டுகொண்டே போயிற்று. இன்னும் குறுக்குக்கட்டை வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷரீஃபாவின் குரல் கேட்டது.

"அக்கா, ராணிய வரச் சொல்லுங்க. கட்டுன பூவ அப்பிடியே போட்டுட்டு வந்துட்டா."

அன்னாளுக்குப் புரியவில்லை. ராணி அங்கேதானே இருக்கிறாள் என்று கேட்டாள். தன் குரல் தூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

"இங்க எங்கக்கா இருக்கா? அப்பவே கொல்ல வழியா ஓடிட்டாளே. நீங்கதான கூப்டிய, வந்து அளவு பாத்துட்டுப் போன்னு."

அன்னாள் கூப்பிடவில்லை.

முகம் கழுவிய நேரம். தலை சீவிய நேரம். அம்புட்டு நேரம்தான்.

எழப் பார்த்தாள். இடுப்பு அசையவில்லை. விளிம்பில் கையை ஊன்றித் தள்ளினாள். மரம் விடவில்லை. ராணி என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. காலை உதைத்துப் பின்னால் தள்ள, ஊன்றுவதற்கு ஒன்றைத் தேடி, பாதங்களை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

கட்டை இருக்க வேண்டிய இடம்.

கட்டை இல்லை.

உள்ளங்கால் பட்டது. அவள் உள்ளங்காலோடு, எதிராக, இரண்டு சின்ன உள்ளங்கால்கள். மிருதுவாக. குளிர்ந்து. பாண்டி ஆடிய மண் இன்னும் ஒட்டியிருந்தது.

அவை அசையவில்லை. சேர்ந்து இருந்தன. மிகவும் சேர்ந்து.

அன்னாள் தன் கால் விரலால் மெதுவாகத் தடவினாள். குதிகால். பாதத்தின் குழி. விரல்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஏதோ நெருடியது.

நூல்.

இரண்டையும் சேர்த்துச் சுற்றி, இறுக்கி, நடுவில் ஒரே ஒரு முடிச்சு.